குருளையர் மாதக் கூட்டம்: கடற்கரை ஊரில் குடும்பங்களை எப்படி வரவழைப்பது?

கேள்வி: மண்டபம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். போன வருடம் கப் மாஸ்டர் பயிற்சி, அதாவது சாரண இயக்கத்தின் சின்னப் பிள்ளைகளான குருளையரை நடத்தும் பயிற்சி முடித்து, 22 குருளையரை வைத்துப் படை ஆரம்பித்தேன். வார வகுப்பு நன்றாகப் போகிறது. மாதம் ஒருமுறை பெற்றோரையும் சேர்த்துக் கூட்டம் போட்டால் மட்டும் ஐந்தாறு பேர்தான் வருகிறார்கள். வந்தவர்களும் பாதியில் போனை எடுத்துவிடுகிறார்கள், பிள்ளைகளும் சலித்துப் போகிறார்கள். என்ன செய்யலாம்?

வணக்கம் டீச்சர். உங்கள் கேள்வியைப் படித்ததும் என்னுடைய முதல் இரண்டு வருடங்கள் அப்படியே ஞாபகத்துக்கு வந்தன. இதே கரையில், உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரத்தில், பல வருடம் குருளையர் படை நடத்தியிருக்கிறேன். எனக்கும் ஆரம்பத்தில் ஐந்தாறு பேர்தான் வந்தார்கள். பிறகு எழுபது, எண்பது பேர் வந்து, பாய் பற்றாமல் படகுத் தார்ப்பாயை வாங்கி விரித்த மாதங்களும் உண்டு. இடையில் என்ன மாறியது என்று சொல்கிறேன்.

முதலில் தேதியைப் பாருங்கள். என்றைக்குக் கூட்டம் வைக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டாம் சனிக்கிழமையாக இருக்கும் என்று நினைக்கிறேன். பள்ளி லீவு என்பதால் எல்லாரும் அந்த நாளைத்தான் பிடிக்கிறோம். நானும் அப்படித்தான் வைத்தேன். யாரும் வராதபோது, பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டினேன். அது தப்பு என்று எனக்குப் புரியவைத்தவர் ஒரு அம்மா. "சனிக்கிழமை படகு போற நாளு டீச்சர். அவுக கடல்ல, நான் கம்பெனியில. புள்ளைக்காக யாரு வர்றது?" என்று நேராகக் கேட்டுவிட்டார்.

ராமேஸ்வரம், மண்டபம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று கடலுக்குப் போகும். சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலையில் கரைக்கு வரும். மீனை இறக்கி, கணக்கு முடித்து, குளித்துத் தூங்கி எழுந்தால் சாயங்காலம் நாலு மணி. திங்கள் விடிந்தால் மறுபடி கடல். ஆக அந்தக் குடும்பங்களுக்கு வாரத்தில் அப்பா வீட்டில் நிம்மதியாக இருக்கிற பொழுது ஞாயிறு சாயங்காலம்தான். தேதியை ஞாயிறுக்கு மாற்றிய மாதமே எனக்குக் கூட்டம் இரண்டு மடங்கானது. அதற்காக உங்களுக்கும் ஞாயிறுதான் என்று சொல்ல மாட்டேன். நாட்டுப்படகுக்காரர்களுக்கு முறை வேறு. கடல்பாசி எடுக்கப் போகிற அம்மாக்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வர முடியாது. அமாவாசையன்று ராமேஸ்வரம் போகிற பஸ்ஸில் நிற்கவும் இடம் இருக்காது, ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் சொல்லவே வேண்டாம். முஸ்லிம் பிள்ளைகள் இருந்தால் மக்ரிப் தொழுகைக்கு முன்னால் கூட்டம் முடிந்துவிட வேண்டும். நோன்பு மாதத்தில் தின்பண்டத்தைக் கூட்டத்தில் கொடுக்காமல் பொட்டலமாகக் கட்டி எல்லாருக்கும் கையில் கொடுத்து அனுப்புங்கள். ஒரு நோட்டை எடுத்து, 22 வீட்டிலும் யார் என்ன வேலை, எந்தப் பொழுது வீட்டில் இருப்பார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். ஒரு வாரத்து வேலை அது. அந்த நோட்டு உங்களுக்கு ஐந்து வருடம் உழைக்கும்.

இன்னொன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. பள்ளி லீவு என்று நாம் அந்த இரண்டு மாதமும் கூட்டத்தை நிறுத்திவிடுகிறோம். அப்பாக்கள் எல்லாரும் ஊரில் இருக்கிற ஒரே காலம் அது! மே மாதக் கூட்டத்தை மட்டும் விடாதீர்கள். எனக்கு வருடத்திலேயே பெரிய கூட்டம் அதுதான்.

சரி, வந்துவிட்டார்கள். அவர்களை நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். நம்முடைய எல்லாக் கூட்டமும் பள்ளி ஆண்டு விழா மாதிரி ஆகிவிடுவதுதான் கோளாறு. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை. எட்டு வயசுப் பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது? நான் ஒருமுறை ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்தேன். அவர் வர ஒன்றே கால் மணி நேரம் தாமதம். பிள்ளைகள் யூனிஃபார்மில், ஸ்கார்ஃப் கட்டி, வெயிலில் வரிசையாக நின்றார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தலை சுற்றி உட்கார்ந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு நிழலுக்கு ஓடிய அவன் அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அதற்கப்புறம் விருந்தினரை அழைப்பதையே நிறுத்திவிட்டேன். மைக்கும் வேண்டாம். எழுபது பேர் வட்டமாக நின்றால் நம் குரலே எட்டும்.

வட்டம் முக்கியம் டீச்சர். வரிசையில் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர் முதுகுதான் தெரியும். வட்டத்தில் அம்மாவுக்குப் பிள்ளை முகம் தெரியும், பிள்ளைக்கு அம்மா முகம் தெரியும். குருளையர் கூட்டம் எப்போதும் வட்டம்தானே, அதையே கொஞ்சம் பெரிதாக்குங்கள்: உள்வட்டத்தில் பிள்ளைகள், வெளிவட்டத்தில் குடும்பம்.

நேரம் மொத்தம் ஒன்றேகால் மணி. நாலே முக்காலுக்கு ஆரம்பித்து ஆறு மணிக்கு முடியுங்கள். ஒருவர் வந்திருந்தாலும் ஆரம்பியுங்கள். நேரத்துக்கு வந்தவரைக் காக்க வைத்தால் அடுத்த மாதம் அவரும் தாமதமாகத்தான் வருவார். முதலில் வருகிறவர்களுக்கென்று ஒரு வேலையைத் தயாராக வைத்திருங்கள். நான் ஒரு பழைய சேலையை விரித்து அதன் மேல் 24 பொருள் வைப்பேன்: வலை மிதவை, ஈயக்குண்டு, பனங்கொட்டை, சோழி, தூண்டில் முள்ளை மூடிய கார்க், உப்புக்கல், முண்டு மிளகாய், கொட்டாங்குச்சி, இப்படி. ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ள வேண்டும். பிள்ளையும் அம்மாவும் சேர்ந்து எத்தனை ஞாபகம் இருக்கிறது என்று எழுத வேண்டும். சாரணர்கள் 'கிம் விளையாட்டு' என்று நூறு வருடமாக ஆடுகிற அதே விளையாட்டுதான், பொருள் மட்டும் நம் கரைப் பொருள். எழுதத் தெரியாத பாட்டி ஒருவர் 21 பொருளை விரல் விட்டு வரிசையாகச் சொல்ல, பேரன் எழுதிக் கை வலித்துப் போனான். (பவளத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை இவற்றைப் பிள்ளைகள் எடுத்து வந்தால் அந்தச் சேலையில் சேர்க்க வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தடை உள்ளவை. ஏன் என்று அங்கேயே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்ததும் அதே காரணத்துக்குத்தான்.)

பிறகு கிராண்ட் ஹவுல் (குருளையர் வட்டமாகக் குந்தி ஓநாய்க்குட்டி மாதிரி ஒன்றாகக் குரல் கொடுக்கிற வணக்கம்), இறைவணக்கம், கொடி. இதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இறைவணக்கப் பாட்டு இந்தியில் இருப்பதால் பெற்றோர் விழிக்கிறார்கள். மாதம் ஒரு பிள்ளையை நிறுத்தி, அந்தப் பாட்டு என்ன கேட்கிறது என்று தமிழில் நாலு வரி சொல்ல வையுங்கள். கைதட்டலும் அந்த நேரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுங்கள். ஒரு விரலில் தொடங்கி ஐந்து விரல் வரைக்கும் போய்த் திரும்ப ஒரு விரலுக்கு வருகிற மழைக் கைதட்டல் எல்லாருக்கும் பிடிக்கும். நாங்கள் அலைக் கைதட்டல் என்று ஒன்று வைத்திருந்தோம்: வட்டத்தின் ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனை வரைக்கும் ஓடி, கடைசியில் எல்லாரும் "ஓ" என்று குரல் கொடுப்பது. கூச்சப்பட்டு நிற்கிற அப்பாக்கள் இதில்தான் முதலில் வாய் திறப்பார்கள்.

நடுப்பகுதிதான் கூட்டத்தின் உயிர். நான் கண்டுகொண்ட வழி ஒன்றே ஒன்று: அந்த மாதம் பிள்ளைகள் கற்றதில் எதை ஊர்க்காரர் நம்மைவிட நன்றாகச் செய்வாரோ, அதை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

முடிச்சு மாதம் ஒன்றைச் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு ரீஃப் நாட், குளோவ் ஹிட்ச் எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஷீட் பெண்ட் மட்டும் யாருக்கும் வரவில்லை. ஒரு கயிற்றை வளைத்துப் பிடித்து, அந்த வளைவுக்குள் இன்னொரு கயிற்றைக் கீழிருந்து நுழைத்து, பின்னால் சுற்றி, தனக்கே அடியில் செருக வேண்டும். கையேட்டுப் படத்தைக் காட்டி மூன்று வாரம் போராடினேன். மாதக் கூட்டத்தில் ஒரு பையன் கட்டிக்கொண்டிருந்ததை வெளிவட்டத்திலிருந்து பார்த்த அவனுடைய தாத்தா, "இது வலை முடிச்சுல்ல?" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் அதற்குள் வீட்டுக்கு ஆள் அனுப்பி, வலை ஊசியும் கிழிந்த வலைத் துண்டும் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

அவர் மணலில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். வலையின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்தார். இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணியைக் கிள்ளிப் பிடிக்க, வலது கை ஊசியைக் கீழிருந்து மேலே கொண்டுவந்து, பின்னால் ஒரு சுற்று, அடியில் ஒரு செருகல், ஒரு வெட்டி இழுப்பு. ஒரு முடிச்சு. அடுத்தது. அடுத்தது. பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். அப்புறம் அவர் மெதுவாகச் செய்தார், பேசவே இல்லை, ஒவ்வொரு பிள்ளையின் விரலையும் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தார். இருபது நிமிடத்தில் பதினாலு பேருக்கு ஷீட் பெண்ட் வந்துவிட்டது. உலகம் முழுக்கச் சாரணர் கற்கிற முடிச்சும் நம் வலையில் ஆயிரக்கணக்கில் இருக்கிற முடிச்சும் அமைப்பில் ஒன்றேதான் என்று அன்றைக்குத்தான் எனக்கும் உறைத்தது. அந்தத் தாத்தா அதற்குப் பிறகு ஒரு மாதமும் தவறவில்லை. எதுவும் செய்யாத மாதத்திலும் ஊசியை மடியில் செருகிக்கொண்டு வருவார்.

இப்படி உங்கள் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசியுங்கள். ஓலையில் பெட்டி முடைகிற அம்மா, காற்றைப் பார்த்து இது வாடை, இது கச்சான் என்று சொல்கிற ஆள், படகு இன்ஜின் பிரிக்கிற மெக்கானிக், உப்பளத்தில் பாத்தி கட்டுகிறவர். அவர்களைப் பேச அழைத்தால் வர மாட்டார்கள். "பிள்ளைகளுக்கு ஒரு பத்து நிமிஷம் செய்து காட்டணும் அண்ணே" என்றால் வருவார்கள்.

வருடம் முழுக்க என்ன செய்வது என்ற கவலையே வேண்டாம், நம் கரையே மாதாமாதம் ஒரு பொருளைக் கொடுக்கிறது. பாலம் ஒரு மாதம். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் நடுப்பகுதி இரண்டு கை மாதிரி விரிந்து மேலே எழும்படி கட்டியது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே தட்டையாக மேலே போகும். இரண்டையும் பிள்ளைகள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். குடும்பத்துக்கு ஒரு கட்டு ஈர்க்கும் ஒரு பந்து சணலும் கொடுத்து, இரண்டு செங்கல்லுக்கு நடுவே பாலம் கட்டச் சொல்லுங்கள். எந்தப் பாலம் எத்தனை தேங்காய் தாங்குகிறது என்று பார்க்கலாம். அப்பாக்கள் பிள்ளையை நகர்த்திவிட்டுத் தாங்களே கட்ட ஆரம்பிப்பார்கள், அதை மட்டும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 15 அப்துல் கலாம் பிறந்தநாள். ராமேஸ்வரத்துப் பையன் என்பதால் நம் பிள்ளைகளுக்கு அவர் பக்கத்து வீட்டுத் தாத்தா மாதிரி. பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி, சைக்கிள் பம்பால் காற்றடித்து விடுகிற ராக்கெட் போதும். ஆட்கள் பத்தடி தள்ளி நிற்க வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை ஆமை முட்டையிடுகிற பருவம், அப்போது கடற்கரையைச் சுத்தம் செய்வதற்கு ஒரு அர்த்தம் கிடைக்கும். பிப்ரவரி 22 சாரண இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் பிறந்தநாள், நவம்பர் 7 பாரத சாரண சாரணியர் இயக்கம் 1950-இல் தொடங்கிய நாள். மழைக்கு முன்னால் பனை விதை ஊன்றலாம். ஜூலையில் காற்று அள்ளும், பட்டத்துக்கு அதைவிட நல்ல மாதம் கிடையாது.

டிசம்பர் மாதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில்தான் தனுஷ்கோடி அழிந்தது, பாம்பனிலிருந்து போன ரயில் அலையில் போனது. அன்றைக்குப் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிய தாத்தா பாட்டிகள். அவர்களில் ஒருவர் சொல்லப் பிள்ளைகள் கேட்கட்டும், ஆனால் பயத்தோடு வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கதை முடிந்ததும் பாம்பன் துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் கூண்டுக்குப் போய்விடுங்கள். டிவியில் "3-ஆம் எண் கூண்டு" என்று தினமும் கேட்கிறோம், பொருள் தெரிவதில்லை. ஒன்றும் இரண்டும் தூரத்தில் புயல் இருக்கிறது என்பது. மூன்றும் நாலும் துறைமுகத்துக்கே எச்சரிக்கை. ஐந்து முதல் ஏழு வரை அபாயம். எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம். பதினொன்று என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். இதை அட்டையில் எழுதி ஒவ்வொரு குழுவும் ஒரு எண்ணுக்கு வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று நடித்துக் காட்டலாம். ரேஷன் கார்டை பாலிதீன் பையில் போடுவது, டார்ச், குடிதண்ணீர், பாட்டியை யார் கூட்டிப் போவது. எங்கள் பிள்ளைகள் நடித்து முடித்த அன்று ராத்திரியே நாலு வீட்டில் அந்தப் பையைத் தயார் செய்து வைத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

பேட்ஜ் கொடுப்பதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள், கூட்டத்தின் நடுவிலேயே வையுங்கள். கடைசியில் என்றால் எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஸ்கார்ஃபை நீங்கள் போடுங்கள். பேட்ஜை அம்மாவோ அப்பாவோ குத்தட்டும். ஒரு முறை பாசி எடுக்கிற அம்மா ஒருவர் கூட்டத்துக்கு நேராகக் கடலிலிருந்து வந்தார். பாறையில் கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றிய துணியை இன்னும் அவிழ்க்கவில்லை. விரல்கள் ஊறிப் போய் ஊசியைத் திறக்க முடியவில்லை. மகன் தன் கையால் ஊசியைத் திறந்து அம்மா விரலுக்கு நடுவில் வைத்தான். அவர் அதைச் சட்டையில் குத்தி முடிக்கும் வரை வட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. எந்தப் பேச்சும் அந்த ஒரு நிமிடத்துக்கு ஈடாகாது என்று நான் நினைக்கிறேன்.

அப்பா வெளிநாட்டில் இருந்தால் வீடியோ காலில் கூப்பிடுங்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் பாதி வீடு அப்படித்தானே. நமக்கு மாலை 5 மணி என்றால் துபாயில் 3.30, சவுதியில் 2.30. துபாயில் ஞாயிறு லீவு. சவுதியில் வேலை நாள், அதனால் முந்தின நாளே நேரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்பா இல்லாத பிள்ளை இருந்தால், யார் வந்து குத்த வேண்டும் என்று அவனையே தனியாகக் கேளுங்கள். நீங்களாக ஒருவரை முடிவு செய்யாதீர்கள். மாதம் ஒரு பேட்ஜாவது இருக்கும்படி வார வகுப்பைத் திட்டமிடுங்கள். பேட்ஜ் இல்லாத பிள்ளைகளுக்கு அந்த மாதம் செய்த நற்செயல் ஒன்றைச் சொல்லிக் கைதட்டல் கொடுங்கள். பெயர் விடுபட்ட ஒரு பிள்ளை இருந்தால் அந்த வீடு அடுத்த மாதம் வராது.

தம்பி தங்கைகள் வருவார்கள், ஓடுவார்கள், அழுவார்கள். விரட்டாதீர்கள். அண்ணன்மார் சாரணராக இருந்ததைப் பார்த்து எங்களையும் சேர்த்துக்கொள் என்று சின்னப் பிள்ளைகள் கேட்டதால்தான் 1916-இல் குருளையர் பிரிவே வந்தது. அவர்களுக்கு ஒரு மூலையில் மணலும் நாலு கொட்டாங்குச்சியும் கொடுத்து, கிச்சு கிச்சுத் தாம்பாளம் ஆட ஒரு அக்காவை உட்கார வையுங்கள். உங்கள் பள்ளியிலோ பக்கத்திலோ நீலப்பறவையர் (இதே வயதுப் பெண் பிள்ளைகள் பிரிவு) குழு இருந்தால் சேர்ந்தே நடத்துங்கள். அண்ணன் இங்கே, தங்கை அங்கே என்று ஒரே வீட்டுக்கு மாதம் இரண்டு கூட்டம் வைத்தால் எந்த அம்மாவாலும் முடியாது.

சாப்பாட்டுக்கு நாலு கிலோ கொண்டைக்கடலைச் சுண்டல் எழுபது பேருக்குப் போதும். மாதம் ஒரு குழுவின் வீடுகள் பொறுப்பு. வாழை இலைத் துண்டில் கொடுங்கள், பிளாஸ்டிக் கப் வேண்டாம்.

கடற்கரையில் நடத்துகிற மாதம் ஒரு விதியைத் தளர்த்தவே கூடாது: கூட்ட நேரத்தில் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. மீனவர் பிள்ளைதானே, நீந்தத் தெரியும் என்பார்கள். தெரிந்திருக்கலாம். அன்றைக்கு அவர்கள் உங்கள் பொறுப்பு. மணலில் ஒரு கயிறு போட்டு, அதற்கு அப்பால் யாரும் போகாமல் பார்த்துக்கொள்ள இரண்டு அப்பாக்களை நிறுத்துங்கள். ஆரம்பத்திலும் முடிவிலும் தலையை எண்ணுங்கள். தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அறிவிப்புகளை நீங்கள் சொல்லாதீர்கள். ஒரு சிக்ஸர் (குழுத் தலைவனாக இருக்கிற பிள்ளை) எழுந்து அடுத்த கூட்டத்தின் தேதி, நேரம், எந்த வீடு சுண்டல், யார் என்ன கொண்டுவர வேண்டும் என்று உரக்கச் சொல்லட்டும். பிள்ளை சொன்ன தேதியைப் பெற்றோர் மறப்பதில்லை. வாட்ஸ்அப்பிலும் அவன் குரலிலேயே அனுப்புங்கள். படிக்கச் சிரமப்படுகிற வீடுகளுக்கும் அது போய்ச் சேரும்.

உங்கள் அடுத்த கூட்டத்தை முடிச்சு மாதமாகவே வைத்துக்கொள்ளுங்கள். 22 பேர் என்றால் நாலு குழு, குழுவுக்கு ஒரு வலை ஊசி. துறைமுகத்துப் பக்கம் வலைச் சாமான் விற்கிற கடைகளில் பிளாஸ்டிக் ஊசி கிடைக்கும். ஐந்தாக வாங்குங்கள், ஒன்று எப்படியும் மணலில் தொலையும். கிழிந்த வலைத் துண்டு காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, எந்தப் படகுக்காரரிடம் கேட்டாலும் தருவார். கேட்கிறபோது ஞாயிறு சாயங்காலம் நாலே முக்காலுக்கு வரச் சொல்லி அவரையும் கூப்பிட்டுவிடுங்கள்.